இருமலைத் தேடிப் போகும் வேலை

பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், என்றதும் எங்கள் ஊர்களில் பேக்கரிக்கு வழக்குப் போடுகிறவரும், நுளம்புக் குடம்பி தேடிப் பூச்சாடிக்குள் எட்டிப் பார்க்கிறவரும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். செஸ்ட் கிளினிக்கோடு சேர்ந்து வேலை செய்யும் பி.எச்.ஐ. ஒருவர் உண்டு, இருமலைத் தேடிப் போவதே அவருடைய தொழில் என்பது பலருக்குத் தெரியாது. 1986 இல் களுத்துறையில் பயிற்சி முடித்து வந்த நான், கொஞ்சக் காலம் பொது வேலை பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போனேன். 2022 கடைசியில் பென்சனில் வரும் வரை பெரும்பகுதி அதிலேயே கழிந்தது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று கடலோரமாகத் தெற்கே இறங்கும் அந்த ஒரே றோட்டும், உள்ளே சம்மாந்துறை வயல் பக்கமும்தான் நான் திரிந்த இடங்கள்.

வேலை பேப்பரில் எளிது. ஒருவருடைய சளியில் காசநோய்க் கிருமி இருப்பதாக ஆய்வுகூடம் சொன்னால் பெயரும் விலாசமும் எங்களுக்கு வரும். வீட்டுக்குப் போக வேண்டும். அவரோடு ஒரே அறையில் படுப்பவர் யார், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கிறதா, வேறு யாராவது இருமுகிறார்களா என்று பார்த்து அவர்களையும் கிளினிக்குக் கொண்டுவர வேண்டும். மருந்தை இடையில் விட்டவரையும் தேடிப் பிடிக்க வேண்டும். விலாசத்தில் ஆள் இருந்தால்தானே! சிலர் கொடுத்தது மாமியார் வீட்டு விலாசமாக இருக்கும், சிலர் கொடுத்தது வேறு ஊரின் விலாசமாக இருக்கும். நோயாளி பொய் சொல்கிறார் என்று கோபப்பட்ட உத்தியோகத்தர்களைக் கண்டிருக்கிறேன். எனக்குக் கோபம் வந்ததில்லை. ஏன் பொய் சொல்கிறார் என்பது இந்த ஊரில் பிறந்தவனுக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிவருவார். வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்த பிறகு உம்மாவும் வாப்பாவும் பின்பக்கம் ஒரு பத்தியை இறக்கிக்கொண்டு அதில் ஒதுங்குவார்கள். அந்த வீட்டில் கசம் இருக்கிறது என்று ஒரு சொல் வெளியே போனால் பெண் கேட்டு வருகிறவர் திரும்பிப் போய்விடுவார். சாய்ந்தமருதில் ஒரு மீன் வியாபாரி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, நீங்க ஊசி எண்டாலும் போடுங்க, குளிசை எண்டாலும் தாங்க, நான் குடிக்கன். பேரை மட்டும் வெளிய சொல்லிராதீங்க. மூணு குமர் இரிக்கி வீட்டுல." அவருடைய நோயைவிட அந்த மூன்று குமர்களின் கவலைதான் அவருக்கு மூச்சை அடைத்தது.

ஆகவே நான் நேராக நோயாளி வீட்டுக்குப் போவதை விட்டேன். ஒழுங்கையின் தலைப்பிலிருந்து தொடங்குவேன். முதல் வீட்டில் கிணற்றைப் பார்ப்பேன், அடுத்ததில் மலசலகூடம், அதற்கடுத்ததில் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை. அந்த வரிசையில் நோயாளி வீடும் ஒன்றாக வந்துவிடும். பின் வாசலில் நின்று பேசி முடித்து, கடைசி வீட்டிலும் ஒரு பேச்சுப் பேசிவிட்டுச் சைக்கிளை எடுப்பேன். எனக்கு அரை நாள் போகும், ஆனால் ஒழுங்கையில் யாருக்கும் ஒன்றும் விளங்காது. புதிதாக வந்த பி.எச்.ஐ. தம்பிமாருக்கு நான் முதலில் சொல்லிக் கொடுத்தது இதைத்தான்.

சளி எடுப்பதும் சொல்லிக் கொடுக்க வேண்டிய வேலைதான். போத்தலைக் கொடுத்தால் பலர் துப்பலை நிரப்பிக் கொண்டுவருவார்கள். அதை ஆய்வுகூடம் எடுக்காது. காலையில் எழும்பி, வாயைக் கொப்பளித்து, இரண்டு மூன்று தரம் மூச்சை ஆழ இழுத்து, நெஞ்சுக்கு அடியிலிருந்து காறி எடுக்க வேண்டும். வெளியில், காற்றோட்டத்தில் நின்று எடுப்பது நல்லது. ஆண்கள் செய்துவிடுவார்கள். பெண்களுக்குப் பிறர் கேட்கக் காறுவதே வெட்கம். கிராமத்து மருத்துவமாது ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, வளவின் பின்பக்கம் அவர்களை அனுப்பி வைப்பேன். நல்ல சளி கிடைக்காததால் எத்தனை பெண்களின் நோய் மாதக்கணக்கில் கண்டுபிடிக்கப்படாமல் போயிருக்கும் என்று இன்றும் யோசிப்பதுண்டு.

நான் வேலைக்கு வந்த காலத்தில் சிகிச்சை நீளமானது. ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிக்கு நாள்தோறும் வர வேண்டும், குளிசை ஒரு வருடம், அதற்கு மேலும் போகும். பிறகு ஆறு மாதச் சிகிச்சை வந்தது. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்து. நான்கையும் ஒரே குளிசையில் சேர்த்துத் தரத் தொடங்கியதும் இன்னும் இலகுவானது. எடைக்கேற்ப மூன்றோ நான்கோ விழுங்கினால் அன்றைய வேலை முடிந்தது.

ஆனால் ஆபத்து எங்கே இருக்கிறது தெரியுமா? ஆள் சுகமாகிவிட்டதாக நினைக்கும் நாளில். மூன்று நான்கு கிழமையில் காய்ச்சல் போய்விடும், பசி திரும்பும், எடை ஏறும். இரண்டாம் மாதம் கடந்ததும் "இனி என்னத்துக்கு?" என்று மருந்தை அலுமாரிக்கு மேலே வைத்துவிடுவார்கள். நெஞ்சுக்குள் ஒடுங்கிக் கிடக்கும் மிச்சக் கிருமிகள் மெதுவாகப் பெருகும் வகை. அவற்றைத் தீர்க்கத்தான் அந்த நான்கு மாதம். பாதியில் விட்டால் திரும்பி வருகிற கிருமி பழைய மருந்துக்கு மசியாததாக இருக்கலாம். அப்படிப்பட்டவர்களை வெலிசறை நெஞ்சு ஆஸ்பத்திரி வரை அனுப்ப வேண்டி வந்தது. வீட்டை விட்டு, மொழி தெரியாத இடத்தில், நீண்ட காலம்.

மருந்தை விடுவதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. ரிஃபாம்பிசின் குடித்தால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் இரத்தம் போகிறது என்று பயந்துவிடுவார்கள். தொழுகையில் பேணுதலான முதியவர் ஒருவர், இரத்தம் கலந்து போகிறதாக நினைத்து, சுத்தம் பற்றிய சந்தேகத்தில் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியிருந்தார். அதற்குப் பிறகு முதல் குளிசையைக் கையில் கொடுக்கும்போதே நிறத்தைப் பற்றிச் சொல்லாமல் யாரையும் நான் அனுப்பியதில்லை.

குளிசையை இன்னொருவர் கண் முன்னால் விழுங்க வேண்டும் என்ற நடைமுறை வந்தபோது, யார் அந்த இன்னொருவர் என்ற கேள்வி வந்தது. தினமும் கிளினிக்குக் கூலிக்காரன் எப்படி வருவான்? கரைவலைக்காரன் விடியமுன் கடற்கரையில் நிற்பான். வாடியில் கணக்கு எழுதுகிறவரையும், சந்தியில் தேநீர்க்கடை வைத்திருந்த காக்காவையும், குர்ஆன் மத்ரசா உஸ்தாதையும் பிடித்தோம். அந்தக் கடைக்காரக் காக்கா ஒரு சதம் வாங்காமல், ஒரு கிளாஸ் தண்ணீரையும் குளிசையையும் வைத்துக்கொண்டு ஆறு மாதம் ஒரு மனிதனுக்காகக் காத்திருந்தார். அந்த மனிதன் இன்று பேரப்பிள்ளை கண்டுவிட்டார். இந்தத் திட்டத்தின் வெற்றியைப் பற்றி அறிக்கைகளில் நிறைய எழுதுகிறார்கள். எனக்கு அந்தக் கிளாஸ்தான் அதன் முகம்.

தொண்ணூறுகளில் வெளிநாட்டுப் பயணம் பெருகியதும் நோயை மறைக்க இன்னொரு காரணம் சேர்ந்தது. சவூதிக்கோ கட்டாருக்கோ போவதென்றால் மெடிக்கலில் நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள். பழைய காசநோய் ஆறிப்போன தழும்பு படத்தில் தெரிந்தாலும் தகுதியில்லை என்று திருப்பிவிடுவார்கள். அந்த மனிதனால் யாருக்கும் தொற்றாது, அவன் முழுக்கச் சுகமானவன். ஆனாலும் போக முடியாது. இதைக் கேள்விப்பட்ட இளைஞர்கள் என்ன செய்வார்கள்? இருமினாலும் படம் எடுக்கமாட்டார்கள். தனியார் மருந்துக் கடையில் சிரப் வாங்கிக் குடித்துக்கொண்டு விசாவுக்குக் காத்திருப்பார்கள். நோய் முற்றிப் பெரிய தழும்பாகும். அவர்களுக்கு நான் சொன்னதெல்லாம் ஒன்றுதான்: ஆரம்பத்தில் பிடித்தால் தழும்பு விழாமலே ஆற வாய்ப்பு அதிகம், மறைத்தால்தான் நிழல் நிலைத்துவிடும்.

எல்லா இருமலும் காசநோயில்லை. தேடிப் போன இருமலில் பெரும்பங்கு முட்டு வருத்தம்தான், தொய்வு, ஆஸ்துமா என்றும் சொல்வோம். எண்பதுகளில் இரவில் முட்டு இழுத்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடி, அமினோஃபிலின் ஊசியை நரம்பில் மெதுவாக ஏற்றிக்கொண்டு விடியும்போது திரும்புவார்கள். பிறகு நெபுலைசர் வந்தது. அதற்கும் பிறகு பம்ப் எல்லாருக்கும் எட்டியது. நீலப் பம்ப் சில நிமிடத்தில் மூச்சுக் குழாயை விரித்துவிடும், நான்கு முதல் ஆறு மணித்தியாலம் நிற்கும். கபில நிறப் பம்ப் குழாயின் வீக்கத்தைத் தணிப்பது, தினமும் அடிக்க வேண்டியது, அடித்த உடனே ஒன்றும் தெரியாது. ஆகவே மக்கள் நீலத்தை வைத்துக்கொண்டு கபிலத்தை எறிந்துவிட்டார்கள். முட்டு வராமல் காப்பது கபிலம்தான் என்பதை ஏற்றுக்கொள்ள வைக்க எனக்கு வருடங்கள் எடுத்தன. "பம்ப் பழகிட்டா விட ஏலாது" என்ற பேச்சு இன்றும் இருக்கிறது. அது பிழையான பேச்சு. பம்பில் போகும் மருந்தின் அளவு குளிசையில் போவதைவிட மிகக் குறைவு.

சிறு பிள்ளைகளுக்குப் பம்பைச் சரியாக இழுக்கத் தெரியாது, இடையில் ஸ்பேசர் வைக்க வேண்டும். அதை வாங்க வசதியில்லாதவர்களுக்குச் சோடாப் போத்தலின் அடியில் பம்பின் வாயளவுக்குத் துளை போட்டு, இடைவெளி இல்லாமல் ஒட்டிக் காட்டினோம். 1999 இல் தென்னாபிரிக்காவில் 500 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் போத்தலை வைத்துச் சோதித்து, ஒழுங்காக அடைத்தால் கடையில் வாங்குவதைப் போலவே வேலை செய்கிறது என்று கண்டிருக்கிறார்கள் என எங்கள் வைத்தியர் ஒருவர் சொன்னார். நிந்தவூரில் ஒரு உம்மா அந்தப் போத்தலுக்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்திருந்தார்.

நோன்பு மாதத்தில் இந்த வேலை இரட்டிப்பாகும். பம்ப் அடித்தால் நோன்பு முறியுமா என்று என்னிடம் கேட்பார்கள். உலமாக்களிடையே இரண்டு கருத்தும் உண்டு, அதில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. நான் செய்தது வேறு. கபிலப் பம்பை ஸஹருக்கும் நோன்பு திறந்த பிறகுமாக நேரம் மாற்றிக் கொடுக்க வைத்தியரிடம் கேட்டுக்கொள்வேன். அதை ஒழுங்காக அடிப்பவருக்குப் பகலில் நீலம் தேவைப்படுவது குறையும். அப்படியும் முட்டு வந்தால் அடிக்கத்தான் வேண்டும்; நோயாளிக்கு நோன்பை விட்டுப் பிறகு கழாச் செய்யச் சலுகை இருக்கிறது, அதை மறுப்பவர் யாரும் இல்லை. காசநோய்க் குளிசையை வெறும் வயிற்றில் குடிப்பது நல்லது என்பதால், நோன்பு திறந்த சாப்பாடு செரித்து, தராவீஹ் முடிந்து வரும் நேரத்துக்கு மாற்றினோம். குளிசையைக் கொடுக்கும் உஸ்தாதும் அந்நேரம் பள்ளியில்தான் இருப்பார். இதையெல்லாம் நான் வீடு வீடாகச் சொன்னதைவிட, ரமழானுக்கு முந்திய ஜும்ஆவில் கதீப் ஐந்து நிமிடம் சொன்னது பல மடங்கு பலித்தது. எந்த ஊரில் பள்ளி நிர்வாகம் அந்த ஐந்து நிமிடத்தைத் தந்ததோ, அந்த ஊரில் பெருநாள் கிழமையில் மருந்து விட்டவர்களைத் தேடி நான் அலைய வேண்டி வரவில்லை.

நான் அதிகம் கவலைப்படுவது குசினிப் புகையைப் பற்றித்தான். அறுபது வயதுப் பெண், வாழ்நாளில் ஒரு பீடியைத் தொட்டதில்லை, படியேறினால் மூச்சு வாங்குகிறது, வருடம் முழுக்கச் சளி. சுருட்டுக் குடித்த கிழவனுக்கு வரும் அதே நுரையீரல் அடைப்பு. விசாரித்தால் விறகு, பொச்சுமட்டை, சிரட்டை வைத்து நாற்பது வருடம் அடுப்பு ஊதியவர், அல்லது இடியப்பம் அவித்து விற்றுப் பிள்ளை வளர்த்தவர். பழைய குசினி கிடுகால் கட்டியது, வீட்டுக்கு வெளியே தனியாக நின்றது. புகை கிடுகின் இடுக்கு வழியே போய்விடும். கல்வீடு வந்ததும் குசினி உள்ளே வந்தது, நாலு பக்கமும் சீமெந்து, மேலே ஒரு சின்னத் துவாரம். அடுப்பு மட்டும் பழையது. வீடு முன்னேறியபோது பெண்ணின் நெஞ்சு பின்னேறியது. போதாததற்கு இரவில் ஜன்னலை மூடி நுளம்புச்சுருள் கொளுத்துவது வேறு.

சமையல் வாயு வந்து இந்த நிலை கொஞ்சம் மாறிக்கொண்டிருந்தது. 2022 நெருக்கடி அதை உடைத்தது. சில மாதங்களுக்கு முன் 1,500 ரூபாய்க்குள் இருந்த 12.5 கிலோ சிலிண்டர் அந்த வருடம் ஏப்ரல் கடைசியில் 4,860 ரூபாயானது, அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. மூலையில் போட்ட அடுப்புக் கற்கள் திரும்பி வந்தன. அதே நேரத்தில் ஆஸ்பத்திரிகளில் மருந்துத் தட்டுப்பாடு. அந்த டிசம்பரில் மாண்டஸ் புயல் நேரம் நாடெங்கும் காற்று மாசாகி, 9ஆம் திகதி பாடசாலைகளை மூடியபோது எல்லாரும் காற்றைப் பற்றிப் பேசினார்கள். குசினிக்குள் தினமும் அதைவிட மோசமான காற்றை மூச்சாக இழுக்கும் உம்மாவைப் பற்றி யாரும் பேசவில்லை.

வயல் பக்கத்திலும் மாற்றம் கண்டேன். சூடடிக்கும் காலத்தில் பெப்ரவரி, மார்ச்சில் வயல்காரர்களுக்குத் தூசினால் மூச்சுத் தொல்லை வரும். வெட்டு மெசின் வந்த பிறகு அந்தத் தூசு மில்லுக்கு இடம் மாறியது. சம்மாந்துறை மில்களில் உமித் தூசுக்குள் நிற்கும் பையன்களுக்கு முகத்தில் ஒரு சாரம் துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு.

யுத்த காலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். றோட்டு மூடினால் மருந்து வராது, ஹர்த்தால் என்றால் நோயாளி வரமாட்டார். 1990 இல் தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் இடையே போகவே பயந்த நாட்களில், தமிழ் ஊர்களில் இருந்த எங்கள் நோயாளிகளுக்கு அங்குள்ள மருத்துவமாதுகள்தான் குளிசையைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கிளினிக் பதிவுப் புத்தகத்தில் இரண்டு சமூகத்தின் பெயர்களும் எப்போதும் அடுத்தடுத்தே கிடந்தன.

2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தபோது, மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நோயாளிகளும் போனார்கள், அவர்களின் வீடுகளும் அட்டைகளும் போயின. தப்பியவர்களில் சேற்றுத் தண்ணீரை மூச்சோடு இழுத்தவர்களுக்குச் சில நாட்களில் நிமோனியா வந்தது. தாய்லாந்திலும் அச்சேயிலும் இதே வகையைக் கண்டு சுனாமி நுரையீரல் என்று வைத்தியர்கள் பெயரிட்டார்கள். பாடசாலை முகாம்களில் நான் தேடியது மருந்து நின்றுபோனவர்களை. ஒருவர் தன் குளிசைப் பையை மட்டும் சாரத்தில் முடிந்துகொண்டு ஓடியிருந்தார். குடும்பத்தில் பாதிப் பேரை இழந்தவர், அடுத்த மாத மருந்தை எங்கே எடுப்பது என்று என்னிடம் கேட்டார்.

கொரோனா வந்தபோது, நான் வாழ்நாள் முழுக்க எதிர்த்து வந்த மறைப்பு ஒரே நாளில் ஊர் வழக்கமாகிவிட்டது. கொரோனாவில் இறந்தவர்களின் உடலை எரிக்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் வர்த்தமானி வந்தது. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் அப்படி. நவம்பர் கடைசியில் அக்கரைப்பற்றுச் சந்தையிலிருந்து தொற்றுப் பரவி, கரையோரத்தில் பல பகுதிகள் முடக்கப்பட்டன. இருமல் உள்ளவர் வாசலுக்கே வரமாட்டார். "ஆஸ்பத்திரில மௌத்தானா எரிச்சிருவாங்க மகன், ஊட்டுல மௌத்தானா மண்ணாவது கிடைக்கும்" என்று ஒரு மூத்தம்மா கதவுக்கு அப்பாலிருந்து சொன்னார். அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. முட்டுக்காரர், காசநோய்க்காரர், நிமோனியாக்காரர் எல்லாரும் அதே கதவுக்குப் பின்னால் அடைந்தார்கள். அந்த வருடம் நாடு முழுக்கப் பதிவான காசநோயாளர் தொகை குறைந்தது. நோய் குறைந்ததாக நான் நம்பவில்லை. 2021 பெப்ரவரியில் புதைக்க அனுமதி கிடைத்து, மார்ச்சில் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்ட பிறகுதான் கதவுகள் திறந்தன. கட்டாயமாக எரித்ததற்கு 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. பயத்தை உண்டாக்கும் எந்தச் சட்டமும் தொற்று நோயை வளர்க்கவே செய்யும் என்பதற்கு இதைவிடச் சாட்சி எனக்குத் தேவையில்லை.

இப்போது சளியில் கிருமி இருக்கிறதா, அது ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா என்று இரண்டு மணித்தியாலத்தில் சொல்லும் ஜீன்எக்ஸ்பேர்ட் கருவி இருக்கிறது. எங்கள் கரையோரத்தில் சீனி வருத்தம் பெருகிவிட்டது; சீனி உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிட இரண்டு மூன்று மடங்கு. ஆகவே இதை வாசிக்கிறவர்களிடம் என் கோரிக்கை இவ்வளவுதான். வீட்டில் யாருக்காவது இரண்டு கிழமைக்கு மேல் இருமல் இருந்தால், முக்கியமாகச் சீனி உள்ள வாப்பாவுக்கோ, அடுப்படியில் நிற்கும் உம்மாவுக்கோ இருந்தால், அதைத் தடிமன் என்று விட்டுவிடாதீர்கள். அவர்களைச் செஸ்ட் கிளினிக்குக் கூட்டிப் போங்கள், காலைச் சளியைக் கொடுக்க வையுங்கள். பரிசோதனைக்கும் ஆறு மாத மருந்துக்கும் அங்கே ஒரு சதமும் வாங்குவதில்லை.